வேடன் கன்னத்தில் ஒரு மரு

ஒத்திலியாவிடம் அவள் தங்கையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், கையை விரித்து விரல் விரலாக மடக்கத் தொடங்கிவிடுவாள்.

கட்டைவிரல், தங்கையின் இடது கை. ப்ளோனி என்று எல்லாரும் கூப்பிடும் அப்பொலோனியா எதையும் இடது கையால் எடுப்பவள். பள்ளிக்கூடத்து அம்மாள் அந்தக் கையைத் துணியால் சுற்றி முதுகோடு சேர்த்துக் கட்டினாள். இரண்டு குளிர்காலம் கட்டிப் பார்த்தாள். மூன்றாவது குளிர்காலத்தில் கட்டியவளுக்கே அலுத்துப்போயிற்று, கை ஜெயித்தது. ஆள்காட்டி விரல், பதினோரு வயதில் வந்த காய்ச்சல். ரத்தம் எடுக்க வந்த நாவிதர், சவப்பெட்டி செய்யத் தச்சனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தச்சன் வந்து நூல் பிடித்து அளந்துகொண்டிருக்கும்போது ப்ளோனி கண்ணைத் திறந்து, "அக்கா, இந்த ஆளு ஏன் என்னைத் தையக்காரன் மாதிரி அளக்கறாரு? எனக்குப் புதுச் சட்டையா?" என்று கேட்டாள்.

நடுவிரல், கத்தி. மரப்பலகையில் படம் வெட்டி அச்சடிக்கும் லீன்ஹார்ட் மேஸ்திரியின் பட்டறையில் பெண்கள் தூரிகை பிடிக்கலாம், கத்தி பிடிக்கக்கூடாது. பதினேழு வயதில் ப்ளோனி, அவர் கழித்துப்போட்ட ஒரு பலகையின் பின்பக்கத்தில் ஒரு சேவலை வெட்டி, மை தடவித் தாளில் ஒற்றி, அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். யார் வேலை என்று தெரியாமலே மேஸ்திரி அதைப் புகழ்ந்துவிட்டார். புகழ்ந்த வாயால் மறுக்க முடியவில்லை. மோதிர விரல், ஜன்னலோரத்து முக்காலி. பட்டறையிலேயே நல்ல வெளிச்சம் விழும் இடம் அது. பாம்பெர்க்கிலிருந்து வந்த யோப்ஸ்ட் அதில் உட்கார்ந்திருந்தான். பலகையில் ஒரு பூனைப் படத்தின் பன்னிரண்டு மீசை மயிரையும் உடையாமல் யார் வெட்டுவது என்று பந்தயம். யோப்ஸ்ட் நான்கை உடைத்தான். ப்ளோனி பன்னிரண்டையும் முடித்துவிட்டு, பதிமூன்றாவதாக ஒன்று அதிகம் வைத்தாள். யோப்ஸ்ட் அன்றுமுதல் அச்சுயந்திரத்துக் கைப்பிடியோடு திருப்தியாகிவிட்டான்.

சுண்டுவிரலுக்கு வந்ததும் ஒத்திலியா நிறுத்திவிடுவாள். "இதுக்கு நீங்க உக்காந்துதான் ஆகணும்" என்பாள்.

அக்காவும் தங்கையும் நியூரெம்பெர்க்கில், பெக்னிட்ஸ் ஆற்றுக்கு இப்புறம், தோல் பதனிடுகிறவர்களின் சந்தில் ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் இருந்தார்கள். சீப்பு செய்து பிழைத்த அப்பா லிண்ட்னர் போய்விட்டார், அம்மா அவருக்கும் முன்னாலேயே. ஒத்திலியாவுக்கு முப்பத்தொன்று, ப்ளோனிக்கு இருபத்திரண்டு. ஒத்திலியா பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு குளிர்காலம். ஆனால் எண்ணத் தெரியும். மாடிப்படி எத்தனை, தெருவில் ஜன்னல் எத்தனை, தங்கை வெட்டிய பலகைகள் எத்தனை, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தொழில், அச்சான படங்களுக்கு வண்ணம் ஏற்றுவது. துளையிட்ட அட்டையைத் தாள்மேல் வைத்துத் தூரிகையால் ஒரு இழுப்பு. ஒரு அட்டை சிவப்புக்கு, ஒன்று மஞ்சளுக்கு, ஒன்று பச்சைக்கு. அவள் கோட்டைத் தாண்டினாள் என்று யாரும் சொன்னதில்லை.

மூன்று வருடமாக மேஸ்திரிக்குக் கண் மங்கிவிட்டது. பட்டறையிலிருந்து போகும் ஒவ்வொரு படமும் ப்ளோனி வெட்டியது. நோவாவின் பேழை, மீன் வயிற்றில் யோனா, சிங்கக் குகையில் தானியேல். வேதப் படங்களின் மூலையில் மட்டும் மேஸ்திரியின் முத்திரை இருக்கும். ஒரு சின்னச் சாவி. அந்தச் சாவியை வெட்டியதும் ப்ளோனிதான். சந்தையில் விற்கும் வேடிக்கைப் படங்களுக்கு முத்திரை கிடையாது. அது தன் மரியாதைக்குக் குறைச்சல் என்று மேஸ்திரி நினைத்தார்.

ஒருமுறை ப்ளோனி கேட்டே விட்டாள்.

"மேஸ்திரி, பேழைக்குக் கீழ புல் இருக்கு பாருங்க. அந்தப் புல்லுக்குள்ள என் பேர்ல முதல் எழுத்து மட்டும். யாருக்கும் தெரியாது."

மேஸ்திரி வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டியா யோப்ஸ்ட்? கத்தி பேர் கேக்குது. நாளைக்கு நீ மை தடவற தோல் உருண்டை வந்து பேர் கேக்கும். அப்புறம் அடுப்பு."

ப்ளோனியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சூப்பைத் தொடவில்லை. அவளுக்குப் பணமோ துணியோ பெரிதில்லை. தான் வெட்டியதைத் தான்தான் வெட்டினேன் என்று நாலு பேர் அறிய வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது ஒத்திலியாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்து நான்காம் வருடத்து ஜனவரியில் அவ்வழியே போன ஒரு ஓவியன், குளிருக்கு ஒதுங்கிய நாலு நாளில், மேஸ்திரிக்கு ஒரு பலகையில் படம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆக்ஸ்பெர்க்குக்குப் போய்விட்டான். நோன்புக்கு முந்தின திருவிழாவுக்கான படம். அந்த நாட்களில் தெருவில் ஆண்கள் பாவாடை கட்டுவார்கள், வேலைக்காரன் எஜமான் தொப்பியைப் போடுவான், ஊரே தலைகீழாக நடக்கும். படமும் அப்படித்தான். காளை கசாப்புக்காரனை மரத்தில் கட்டித் தோல் உரிக்கிறது. ஆடு, மேய்ப்பனுக்கு மயிர் கத்தரிக்கிறது. மனைவி இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு நிற்க, புருஷன் கம்பளி நூல் நூற்கிறான். நடுவில், எல்லாவற்றிலும் பெரிதாக, முயல்கள் ஒரு வேடனைக் கம்பியில் கோத்து நெருப்பில் வாட்டுகின்றன. ஒரு முயல் கைப்பிடியைச் சுற்றுகிறது. ஒன்று உருகும் கொழுப்பைக் கரண்டியில் பிடித்து மேலே ஊற்றுகிறது. பக்கத்துப் பானையில் வேட்டை நாய்கள் வேகின்றன. வேடன் முகம் நம்மை நேராகப் பார்க்கிறது, 'இது நியாயமா?' என்று கேட்பதுபோல.

"இந்த முயல் உப்புப் போட மறந்துடுச்சுக்கா" என்றாள் ப்ளோனி, கத்தியைத் தீட்டிக்கொண்டே. சொன்னதோடு நிற்காமல், ஒரு முயலின் கையில் ஓவியன் எழுதாத உப்புச் சிமிழ் ஒன்றையும் வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள் வேலை. ஏழாம் நாள் வேடன் முகத்துக்கு வந்தபோது கத்திக்கு அடியில் பலகை பொதுக்கென்றது. பேரிக்காய் மரத்தில் கணு அதிகம் இருக்காது. மேஸ்திரி மலிவாக வாங்கிய பலகை இது. ப்ளோனி கணுவைத் தோண்டி எடுத்து, வட்டமாக ஒரு ஆப்பு சீவி அடித்து, மட்டமாக இழைத்தாள். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"ஆப்பு வெச்சிருக்கேன் மேஸ்திரி. இப்ப மட்டமாத்தான் இருக்கு. ஆனா அச்சுல ஈரத்தாள் பட்டுப் பட்டு ஊதிடும். ஊதினா மை புடிச்சு வட்டமா கறுப்பு விழும்."

"எங்க?"

"கன்னத்துல. மரு மாதிரி."

மேஸ்திரி திடுக்கிட்டார். மரு என்றால் அந்த ஊரில் ஒரே மருதான். காபிரியேல் ரீட்மூலருடையது. குங்குமப்பூ வியாபாரத்தில் வளர்ந்து, ஊருக்கு வடக்கே ஒரு காட்டின் வேட்டை உரிமையை வாங்கியவர். அந்தக் காட்டில் யாராவது ஒரு முயலைப் பிடித்தால் நாய்களோடு வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். இடது கன்னத்தில், மூக்குக்குப் பக்கத்தில், செம்பழுப்பாக ஒரு மரு. நெல்லிக்காய் அளவு.

மேஸ்திரி பலகைக்கு அருகே குனிந்து, மூக்கு உரசும்படி பார்த்தார்.

"எந்தக் கன்னம் இது? வலது. அந்தாளுக்கு இடது. பொழைச்சோம் போ."

"எதுக்கும் ஒரு தாடி வெட்டி மறைச்சிடட்டுமா? மூஞ்சி இன்னும் முடியல. ரெண்டு நாள் போதும்."

"ரெண்டு நாளா? நோன்பு தொடங்கினப்புறம் எவன்டி சிரிப்புப் படம் வாங்குவான்? வலதுன்னுதான் சொல்றேனே."

ப்ளோனி பலகையைப் பார்த்தாள். வலதுதான். சரியென்று தலையாட்டிவிட்டாள்.

இதில் தங்கையை விட்டுக்கொடுக்காமல் பேச ஒத்திலியாவாலும் முடியாது. தப்பு ப்ளோனி மேலும்தான். பலகையில் வலது என்றால் தாளில் இடது. இது அந்தத் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுத்தைத் திருப்பி வெட்டுவார்கள், வாளைத் தவறாமல் மறுபக்கம் கட்டுவார்கள், ஆசீர்வதிக்கும் கை மாறிவிடாமல் ஐந்துமுறை பார்ப்பார்கள். ஓவியன் எழுதியதை எல்லாம் திருப்பித் திருப்பி யோசிக்கப் பழகிய புத்தி அது. அவன் எழுதாத ஒரு மருவைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பது நாள் குனிந்து கிடந்த ப்ளோனிக்குப் பலகையில் இருந்தவன்தான் வேடன். தாளில் வருகிறவனை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.

அச்சு ஓடியது. நானூறு தாள். ஆப்பு எண்பது தாள்வரை அடங்கி இருந்தது. எண்பத்தோராவது தாளில் தலையைத் தூக்கியது. யோப்ஸ்ட் கைப்பிடியை இழுப்பவன். படத்தைப் பார்ப்பது தன் வேலை இல்லை என்பது அவன் கொள்கை. ப்ளோனியோ அடுத்த பலகைக்குப் போய்விட்டாள். தாள்கள் காய்ந்து கட்டுக்கட்டாக ரொட்டிக்கடை மாடிக்கு வந்தன.

இனிமேல் நடந்ததை ஒத்திலியா சற்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போகப் பார்ப்பாள். வண்ணம் ஏற்றுகிறவளுக்கு முகம் முகமாகத் தெரியாது. இது சிவப்பு போக வேண்டிய இடம், இது பழுப்பு போக வேண்டிய இடம், அவ்வளவுதான். வேடன் கன்னத்தில் ஒரு வட்டம் இருந்தது. வட்டம் என்றால் அதற்கு ஒரு வண்ணம் வேண்டும். அட்டையில் துளை இல்லையே என்று பொறுமையாகச் சிறு தூரிகையை எடுத்து, ஒவ்வொரு தாளிலும் செம்பழுப்பு வைத்தாள். முந்நூற்று இருபது தாள். அப்புறம்தான் கவனித்தாள், முதல் எண்பது தாளில் வட்டமே இல்லை. மை சரியாகப் பிடிக்கவில்லை போலும், பாவம் ப்ளோனி, யாராவது குறை சொல்வார்கள் என்று நினைத்து, அந்த எண்பதிலும் தன் கையாலேயே வட்டம் போட்டு, செம்பழுப்பு வைத்து முடித்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்னால் படம் சந்தைக்கு வந்தது. மதியத்துக்குள் நூறு போயிற்று. மறுநாள் மேஸ்திரி ஆடிக்கொண்டே வந்தார். "பிச்சுக்கிட்டுப் போறாங்க! எல்லாரும் வாங்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. அப்படி என்ன இருக்குன்னு தெரியல."

என்ன இருக்கிறது என்று, கையில் ஒரு தாளோடு வந்த மீன்காரி அக்னெஸ்தான் சொன்னாள். "அடியே ப்ளோனி, ரீட்மூலரை வாட்டிட்டியேடி! மரு உட்பட! ஏன்டி, உப்புக்கூடப் போட்டிருக்க!"

ப்ளோனி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். திரும்பவும் தாளைப் பார்த்தாள். அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இடதுக்கா" என்றாள். "இடது."

திருவிழாவன்று ரீட்மூலர் பொரித்த பணியாரம் வாங்கத் தெருவில் இறங்கினார். நாலு பேர் நீண்ட காது கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு அவர் பின்னாலேயே போனார்கள். ஒருத்தன் அவர் முதுகுப்பக்கம் கொழுப்பு ஊற்றுவதுபோல் அபிநயம் பிடித்தான். தொத்திறைச்சிக் கடைக்காரன், "ஐயாவுக்கு இன்னொரு பக்கமும் திருப்பணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தான். நோன்பு தொடங்கி இரண்டு வாரம் ஆனபின்னும் சிரிப்பு ஓயவில்லை. ரீட்மூலர் நகரசபைக்கு மனுக் கொடுத்தார். பட்டறைக்கு ஆள் வந்தது: பலகையோடு, வெட்டுகிற சாமான்களோடு, சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை காலை ஆஜராக வேண்டும்.

போகிற வழியில் பாலத்தருகே வந்ததும் ப்ளோனி நின்றாள்.

"கத்தியைப் புடுங்கிடுவாங்களாக்கா?"

"புடுங்கட்டும் பாக்கலாம்."

"நிஜமா சொல்லு. இனிமே வெட்டக்கூடாதுன்னு சொல்ல அவங்களுக்கு அதிகாரம் இருக்கா இல்லையா?"

இருந்தது. ஒத்திலியாவுக்கு அது தெரியும். "வாயை மூடிட்டு நட. மூக்கு செவந்து போச்சு பாரு" என்று சொல்லி, தன் சால்வையை எடுத்துத் தங்கைமேல் போர்த்தினாள்.

சபைக் கூடத்தில், வீங்கின காலை ஒரு முக்காலிமேல் நீட்டிக்கொண்டு வயதான சபையார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுத்தர். ஜன்னலோரம் ரீட்மூலர், மரநாய்த்தோல் கழுத்துப்பட்டியோடு. சபையார் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். உதடு ஒருமுறை துடித்தது. இருமலை வரவழைத்துச் சமாளித்துக்கொண்டார்.

"இது யார் வேலை?"

லீன்ஹார்ட் மேஸ்திரி தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு முந்திக்கொண்டார். "என் வேலை இல்லீங்க! என் வேலைன்னா மூலையில சாவி இருக்கும். பாருங்க, இருக்கா? இல்ல. எல்லாம் இந்தப் பொண்ணு வெட்டினது. எனக்குச் சம்பந்தமே கெடையாது."

ஒத்திலியாவுக்குக் காது சிவந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ப்ளோனி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"ஆமாங்க. நான்தான் வெட்டினேன்."

ரீட்மூலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் புள்ளையா? இந்த முயல் காதுல ஒவ்வொரு மயிரும் தனித்தனியா நிக்குது. பானையில கொதி வர்றது தெரியுது. இதை ஒரு பொம்பளப்புள்ள வெட்டுச்சாம்! சபையாரே, இந்த மனுஷன் பொண்ணு பாவாடைக்குப் பின்னால ஒளியறான். இவனைப் புடிச்சு உள்ள போடுங்க."

மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது. "சத்தியமா அவதாங்க!"

அப்போதுதான் ஒத்திலியாவுக்கு அந்த யோசனை வந்தது. அவள் மிக மெதுவாக, மேஸ்திரிமேல் இரக்கப்படுகிறவள்போல் பேசினாள்.

"மேஸ்திரி, இது ஒண்ணு மட்டும் அவ வெட்டினான்னு சொன்னா யாரு நம்புவாங்க? திடீர்னு ஒரு நாள்ல இப்படி வெட்ட வருமா? ஐயா சந்தேகப்படறது நியாயம்தானே. அந்தப் பேழை யாரு வெட்டினது?"

"அவதான்!"

"யோனா?"

"அவதான்! மீனு செதில்கூட அவதான்!"

"தானியேல் படத்துல சிங்கம் ஏழு. அதுல உங்க கை ஒண்ணுலயாவது..."

"ஒரு வாலுகூட இல்ல! மூணு வருஷமா எனக்கு ஊசிக்கும் உலக்கைக்கும் வித்தியாசம் தெரியல ஐயா! கண்ணு போச்சு! பட்டறையில எல்லாப் பலகையும் இவ வெட்டினதுதான். சாவியைக்கூட இவதான் வெட்டுவா!"

எழுத்தரின் இறகுப்பேனா விடாமல் ஓடியது. "எத்தனை பலகை?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"அறுபத்தி மூணு" என்றாள் ஒத்திலியா. "இதோட அறுபத்தி நாலு."

எழுத்தர் அதையும் எழுதினார். மேஸ்திரிக்கு அப்போதுதான் எதையோ கை நழுவ விட்டுவிட்டது போலப் பட்டிருக்க வேண்டும்.

"மருவுக்கு வருவோம்" என்றார் சபையார். "வேணும்னே வெச்சியாம்மா?"

"இல்லீங்க. கணுவுக்கு ஆப்பு வெச்சேன். ஈரத்துல ஊதிடுச்சு." ப்ளோனி பலகையைத் தூக்கி ரீட்மூலர் முன்னால் பிடித்தாள். "நீங்களே சொல்லுங்க ஐயா. இதுல மரு எந்தக் கன்னத்துல இருக்கு?"

ரீட்மூலர் குனிந்தார். "வலது."

"உங்களுக்கு?"

அவர் கை தானாகவே கன்னத்துக்குப் போயிற்று. "இடது."

"அதான் ஐயா. பலகையைப் பாத்துக்கிட்டே இருந்தோம். இது நீங்க இல்லன்னு தைரியமா இருந்துட்டோம். தாள்ல திரும்பும்னு எனக்கும் தோணல, மேஸ்திரிக்கும் தோணல."

"ஊரு பலகையைப் பாத்துச் சிரிக்கல தாயி. தாளைப் பாத்துத்தான் சிரிக்குது!" ரீட்மூலர் தாளை ஆட்டினார். "சரி, ஆப்பு ஊதுச்சு. ஒத்துக்கறேன். அது கறுப்பாத்தானே இருக்கணும்? என் நிறத்துல, அச்சு அசலா, செம்பழுப்பு வெச்சது எந்த ஆப்பு?"

ஒத்திலியா தலையைக் குனிந்துகொண்டாள். "அது நானுங்க."

"ஏன்?"

"வட்டம் இருந்துச்சு. வட்டத்தைச் சும்மா விடக்கூடாதுன்னு..." பொய் சொல்ல அவளுக்கு வராது. "முதல் எண்பது தாள்ல விட்டுப்போயிருந்துச்சு ஐயா. அதுலயும் வெச்சுட்டேன்."

சபையாருக்கு இந்தமுறை இருமல் உதவவில்லை. நீட்டியிருந்த கால் முக்காலியிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார். வலி தாங்காமல் 'ஐயோ ஐயோ' என்றார், ஆனாலும் சிரித்தார். எழுத்தர் தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார், தாள் குலுங்கியது. ரீட்மூலர் இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தார். அப்புறம் அவர் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது என்று ஒத்திலியா இன்றைக்கும் சொல்வாள். ப்ளோனி அப்படி இல்லை என்பாள்.

சபையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். ஆப்பைச் சீவிவிட வேண்டும். விற்காமல் மிச்சமிருக்கும் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். "அப்புறம் இந்த 'நான் இல்ல, அவ'ங்கற பேச்சு இனிமே இந்தக் கூடத்துல வேண்டாம். எனக்குக் கால் தாங்காது. இந்தப் பொண்ணு கைப்பட வெட்டற எந்தப் பலகையா இருந்தாலும் சரி, வேதப் படமோ வேடிக்கைப் படமோ, வெட்டினவ பேரு அதுலயே இருக்கணும். பேரில்லாத பலகை வெளிய வந்தா, கத்தி பறிமுதல்."

எழுத்தர் 'தண்டனை' என்று தலைப்பிட்டு அதன் கீழே எழுதினார்.

ப்ளோனி அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒத்திலியா தங்கையின் முழங்கைச் சதையைப் பிடித்து நன்றாகத் திருகினாள், முகம் சோகமாக இருக்கட்டும் என்று.

மேஸ்திரிதான் பதறினார். "ஐயா, பேரா? சாவி போதாதா? என் பட்டறை, என் பலகை..."

"உமக்குத்தான் சம்பந்தமே இல்லையே" என்றார் எழுத்தர், மேலே எழுதியிருந்த வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டி.

ரீட்மூலருக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. "நாளைக்கு வெட்டறேன், மறுநாள் வெட்டறேன்னு போய்டுவாங்க. இப்பவே வெட்டட்டும். இந்தப் பலகையில. என் கண்ணு முன்னால."

"அதுவும் நியாயம்தான்" என்றார் சபையார்.

மேசைமேல் பலகையை வைத்தார்கள். ப்ளோனி முதலில் ஆப்பைச் சீவினாள். இரண்டே இழுப்பு, கன்னம் வழவழவென்று ஆயிற்று. ரீட்மூலர் தன்னை அறியாமல் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவள், நெருப்புக்குக் கீழே தரை கறுப்பாக விழுவதற்காக வெட்டாமல் விட்டிருந்த பட்டையில் கத்திமுனையை வைத்தாள். வெட்டிய இடம் தாளில் வெள்ளையாக வரும். மூலையில், சின்னதாக, முதல் எழுத்தை ஆரம்பித்தாள்.

"என்ன இது, எறும்பு மாதிரி?" என்றார் ரீட்மூலர். "பெருசா வெட்டு! தெருவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் தெரியணும். இது யாரு பண்ணின வேலைன்னு ஊருக்கே தெரியட்டும்!"

"சரிங்க ஐயா" என்றாள் ப்ளோனி, ரொம்பப் பணிவாக.

பட்டையின் முழு நீளத்துக்கும் வெட்டினாள். இடது கையால், கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு. மரச்சுருள்கள் மேசைமேல் விழுந்தன. ரீட்மூலர் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, கடைசியில் அவர் கழுத்துப்பட்டியின் மயிர் மரத்தூளில் புரண்டது. ஒரு எழுத்தின் வளைவில் கத்தி திரும்பியபோது 'அடேங்கப்பா' என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. யாரையோ அதட்டுவதுபோல் உடனே தொண்டையைச் செருமினார்.

"என்ன எழுதியிருக்கா? ஒண்ணும் புரியலையே" என்றார் சபையார்.

ப்ளோனி எழுத்தரின் மையை விரலால் தொட்டுப் பட்டையில் தடவினாள். எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். ஒத்திலியா அதை வாங்கி, ஓரம் பிசகாமல் பலகைமேல் விரித்து, உள்ளங்கையால் மூன்றுமுறை அழுத்தினாள். அப்போதும் எண்ணுவதை விடவில்லை. தாளை உரித்து எடுத்துச் சபையார் பக்கம் திருப்பினாள்.

அவர் உரக்கப் படித்தார்: "அப்பொலோனியா லிண்ட்னர் வெட்டியது."

எழுத்தர் அதை அப்படியே தன் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் தேதி போட்டார்: 1534, மார்ச் 6, வெள்ளிக்கிழமை.